ஓரியூரில் ஒரு திருநீற்றுப் புதன்



1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4. அன்றும் இதே திருநீற்றுப் புதன்தான். அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22இல் வந்தது. நம் நாள்காட்டியில் அதற்கு முன்னால் அது வரவே வராது. 'தவக்காலம் வரட்டும், திருந்திக்கொள்ளலாம்' என்று இருந்தவர்களுக்கு அந்த வருஷம் யோசிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. அந்தப் புதன்கிழமைதான் ஓரியூரில், நம் மதுரை மிஷனின் குரு அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறைய இன்னும் 25 நாள் பாக்கி.

கருமாத்தூரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அதனால் அவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அவர் சாவுக்குக் காரணமாக இருந்த தடியத்தேவரைப் பலருக்குத் தெரியாது. இன்று நான் பேச நினைப்பது அவரைப் பற்றித்தான்.

தடியத்தேவர் மறவர் சீமையின் அரச குடும்பத்தவர். கடும் நோயில் கிடந்தபோது உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்து செபித்தார்; நோய் தீர்ந்தது. உடனே ஞானஸ்நானம் கேட்டார். குருவுக்கு இதில் இருந்த ஆபத்து தெரியும். 1686இல் இதே சீமையில் பிடிபட்டு, வதைபட்டு, 'இனி இந்தப் பக்கம் வராதே' என்று விரட்டப்பட்டவர் அவர். ஐரோப்பா போய், அங்கே தங்கிவிடாமல் திரும்பி வந்தவர். ஆகவே ஒளிக்காமல் சொன்னார்: மனைவியர் பலரோடு இருந்துகொண்டு ஞானஸ்நானம் பெற முடியாது, ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும். தேவர் தவணை கேட்கவில்லை. 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் அந்தச் சீமையின் அரசர் கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். புகார் அரண்மனைக்குப் போனது. இரண்டே நாளில் குரு கைதானார். தேவர் ஓடி ஒளியாமல் குருவுக்காக அரசரிடம் பரிந்து பேசினார். பலனில்லை. ஞானஸ்நானத்துக்கும் ஓரியூருக்கும் நடுவே 29 நாள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பெண்ணை வில்லியாக்கிவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. விலக்கப்பட்டவளின் வேதனை வேதனைதான். இதில் எல்லோருமே ஏதோ ஒன்றை இழந்தார்கள். மனமாற்றம் மலிவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தடியத்தேவருக்கு நேர் எதிரானவர் திருத்தூதர் பணிகள் நூலில் வரும் ஆளுநர் பெலிக்சு. பவுல் நீதியையும் தன்னடக்கத்தையும் வரப்போகும் தீர்ப்பையும் பற்றிப் பேசக் கேட்டு நடுங்கினார். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டார். நேரம் கிடைத்தது. பலமுறை கூப்பிட்டும் பேசினார். ஆனால் கூப்பிட்டது ஏதாவது பணம் தேறுமா என்று பார்க்க. இப்படியே இரண்டு வருஷம். பிறகு பதவி போயிற்று. பவுலைச் சிறையிலேயே விட்டுவிட்டுப் போனார். நாமும் கடவுளை மறுப்பதில்லை, மரியாதையாக உட்காரவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். பொங்கல் போகட்டும், சித்திரைத் திருவிழா முடியட்டும், மகள் கல்யாணம் ஆகட்டும், வீட்டுக் கடன் அடையட்டும்.

இப்படித் தள்ளிப்போட நமக்கு எவ்வளவு காலம் பாக்கி? வைகை அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றங்கரைக்காரர்கள் சாமானை மேட்டில் ஏற்ற அவகாசம் உண்டு. நம் ஆயுளுக்கு இப்படி அளவுகோல் நட்டுவைத்த இலாகா எதுவும் கிடையாது. ரிங் ரோட்டில் போகிறவர்களுக்கும், பெரியாஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சாவைச் சொல்லிப் பயமுறுத்த நான் வரவில்லை. பயத்தில் வருகிற விசுவாசம் காய்ச்சல் இறங்கியதும் போய்விடும். தடியத்தேவரைப் பாருங்கள்: அவர் முடிவெடுத்தது நோயில் கிடந்தபோதல்ல, எழுந்து நடமாடிய பிறகு. உடம்பு தேறிவிட்டது, இனி என்ன அவசரம் என்று அவர் சொல்லியிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் நேர்ந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் மறந்தவர்கள்!

நெற்றியில் இடப்போகும் இந்தச் சாம்பல், போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று நாம் ஏந்திவந்த ஓலை. அதை ஏந்தி நம்மோடு நடந்தவர்களில் சிலர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களும் இந்தத் தவக்காலத்துக்கென்று ஏதாவது எடுத்துவைத்திருப்பார்கள்.

பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்காருவேன். கடைசி ஆள் போகும்வரை இருப்பேன். பத்து வருஷமாக வராதவர்கள் முதலில் வரலாம். குடியை விட நினைப்பவர்கள் ஈஸ்டருக்குப் பிறகென்று நாள் குறிக்க வேண்டாம். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசாமல் இருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாம்பல் பூசக் கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை. வெளியே வேப்பமரத்தடியில் போய் போன் போட்டுப் பேசிவிட்டு வாருங்கள். நாங்கள் அதுவரை செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.