அயல் பொறிகளின் சாட்சியம்

ஓர் அறிவு சரியானது என்பது எங்கிருந்து தெரிய வருகிறது? அந்த அறிவுக்குள்ளிருந்தேவா, அதற்கு வெளியிலிருந்தா? இந்தியத் தத்துவத்தில் பல நூற்றாண்டுகள் நடந்த வழக்கு இது. அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகத்தான் தோன்றுகிறது, அது பிழை என்று வேறொன்று காட்டும்வரை நம்புவதே முறை என்றார்கள் மீமாம்சகர்கள். ஏழாம் நூற்றாண்டில் குமாரில பட்டர் இதை மிகக் கூர்மையாக நிறுவ முயன்றார். நியாய மரபினர் ஒப்பவில்லை. தூரத்தில் தெரிவது தண்ணீரா கானலா என்று பார்வையே சொல்லிவிடாது. போய்க் குடித்துத் தாகம் அடங்கினால்தான் பார்த்தது சரி என்றாகும் என்பது அவர்கள் கட்சி. வேதத்தின் அதிகாரத்தை ஒட்டி வளர்ந்த இந்த வாதம் ஏடுகளோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், ஒரு பெரிய திறமூல மென்பொருள் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்கலாம். நிரல் எழுதுபவர்கள் பிறவி மீமாம்சகர்கள். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்பதுதான் அவர்களுடைய முதல் பதில். பல சமயம் கடைசிப் பதிலும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இந்தப் பதிலை ஏற்பதில்லை. 2004இல் ஆண்ட்ரூ டன்ஸ்டன் அதற்காக ‘பில்டுஃபார்ம்’ என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். யாரும் தம்மிடம் உள்ள ஒரு கணினியை இதில் சேர்க்கலாம். சேர்ந்த பொறிக்கு ஒரு விலங்கின் பெயர் கிடைக்கும். அது அவ்வப்போது புதிய மூலநிரலை இறக்கிக்கொண்டு, தொகுத்து, சோதனைகளை ஓட்டி, பலனை மைய சர்வருக்கு அனுப்பும். மாற்றம் ஒன்றைச் சேர்த்தவர், அடுத்த சில மணி நேரம் பலன்கள் தெரியும் பலகையைப் பார்த்தபடி இருப்பார். எங்கோ ஒரு விலங்கு சோதனையில் தோற்றுச் சிவப்பானால், திருத்த வேண்டும் அல்லது மாற்றத்தைத் திரும்பப் பெற வேண்டும். பொறியைச் சேர்த்தவருக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எதுவும் இல்லை. நிரலைத் தொகுக்கும் கம்பைலரைப் புதுப்பிப்பது, வட்டு நிரம்பிவிட்டதா என்று பார்ப்பது, வந்த சிவப்பு நிரலின் குற்றமா தன் பொறியின் குற்றமா என்று கேட்டவருக்குப் பதில் எழுதுவது என்று உப்புச்சப்பற்ற வேலைதான் அவருடையது.

இந்த வேலையைத் தொண்டு, தானம் என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்ச்சி விஷயத்தைத் தவறவிடுகிறது என்பது என் கட்சி. இவர்கள் கொடுப்பது உழைப்போ மின்சாரமோ மட்டும் என்றால், வேகமான நூறு சர்வர்களை வாடகைக்கு எடுத்தால் போதும். இவர்கள் கொடுப்பது வேறுபாட்டை. ஓர் எண்ணின் பைட்டுகளை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்பதில் இன்டெல் சிப்பும் ஐபிஎம்மின் பெருங்கணினியும் எதிரெதிர் வழக்கம் உடையவை. ஒரே வகைச் சிப்பில் எழுதி அதிலேயே சோதித்தவருக்கு, தம் நிரல் அந்த அடுக்கை நம்பியிருக்கிறது என்பதே தெரியாது. இன்னும் நுட்பமானது நினைவக ஒழுங்கு. இன்டெல் வகைச் சிப்பில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே அந்த மாற்றங்கள் மற்றக் கோர்களுக்கும் தெரியவரும். ஏஆர்எம், பவர் வகைகளில் அந்த உறுதி கிடையாது. அதனால் ஓர் இடத்தில் வரிசையை உறுதிசெய்யும் காப்பு வைக்க மறந்த நிரல் இன்டெலில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, பவர் சிப்பில் எப்போதாவது ஒருமுறை தரவைக் குழப்பும். போஸ்ட்கிரெஸ் நிரலாளர் டாம் லேன் நெடுங்காலம் ஓட்டிய ‘பிரெய்ரிடாக்’ ஒரு பழைய பவர்பிசி மேக். சந்தையில் விலை போகாத அத்தகைய பொறி, அறிதல் என்ற அளவில் நூற்றோராவது புதிய சர்வரைவிட மதிப்புள்ளது. மெதுவாக ஓடுவதும் ஒரு குணம்தான்: வேகமான பொறியில் ஒருபோதும் மோதிக்கொள்ளாத இரண்டு செயல்கள் மெதுவான பொறியில் மோதிக் காட்டும். ஆக, எழுதியவரின் ‘சரி’ அவரிடம் இருக்கும்வரை ஒரு கருத்து மட்டுமே. தம்மைப் போல் இல்லாதவர்களின் பொறிகள் வழியாக வந்த பின்புதான் அது அறிவாகிறது. விலங்குகளை ஓட்டுபவர்கள் அந்த அறிதலில் பங்காளிகள், அவர்களைக் கொடையாளிகள் என்பது போதாது.

குமாரிலர் இதற்கு உடனே மறுப்புச் சொல்வார். ஓர் அறிவை உறுதிசெய்ய இன்னோர் அறிவு வேண்டும் என்றால், அந்த இரண்டாவதை யார் உறுதிசெய்வது? மூன்றாவது, நான்காவது என்று முடிவில்லாமல் போகும். சோதிக்கும் பொறியும் பொய் சொல்லும். வட்டு நிரம்பினாலும் கடிகாரம் தவறினாலும் அது சிவப்பாகும். கணினித்துறைக்குள்ளிருந்தே இந்த மறுப்பு 1984இல் வந்தது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது உரையில், கம்பைலருக்குள் ஒரு கள்ளநிரலை மறைத்து வைத்தால் அது தன் அடுத்த தலைமுறைக் கம்பைலருக்கும் அதைக் கடத்திவிடும், மூலநிரலை எவ்வளவு படித்தாலும் தென்படாது என்று காட்டினார். கீழே தோண்டத் தோண்ட நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லை என்றுதான் அதைப் பலரும் வாசித்தார்கள். ஆனால் டேவிட் வீலர் என்ற ஆய்வாளர் பின்னர் தந்த விடை கீழ்நோக்கிப் போகவில்லை, பக்கவாட்டில் போனது. தொடர்பே இல்லாத இன்னொரு கம்பைலரைக் கொண்டு அதே மூலத்தைத் தொகுத்து, அப்படி உண்டான கம்பைலரால் மீண்டும் தொகுத்தால், கிடைப்பது கையில் இருக்கும் கம்பைலரோடு பைட்டுக்குப் பைட்டு ஒத்துப்போக வேண்டும். ஒத்துவந்த பின்னும் கள்ளநிரல் மறைந்திருக்க வேண்டுமானால் இரண்டு கம்பைலர்களும் ஒரே வகையில் கெட்டிருக்க வேண்டும். இரண்டாவது கம்பைலர் புனிதமானது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை; வேறாக இருந்தால் போதும். குமாரிலரே சந்தேகம் எழுந்த இடத்தில் மூன்று நான்கு அறிவுகளுக்கு மேல் தேட வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த மூன்று நான்கும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டால் சங்கிலி அங்கேயே நிற்கிறது. ஒரு விலங்கு மட்டும் சிவப்பானால் பொறியைச் சந்தேகிக்கிறார்கள், ஒன்றுக்கொன்று ஒட்டில்லாத மூன்று சிவப்பானால் நிரலை.

இதைவிடக் கடுமையான மறுப்பு 2024 மார்ச்சில் வந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நல்ல தன்னார்வலராக வேலைசெய்து நம்பிக்கை பெற்று, அதைச் சேர்த்திருந்தார். நஞ்சு எங்கே மறைந்திருந்தது தெரியுமா? சோதனைக்கான மாதிரிக் கோப்புகளுக்குள். சோதனை என்று எழுதியிருந்ததால் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதோடு அது இன்டெல் வகை 64 பிட் லினக்ஸில், அதுவும் டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகத் தொகுக்கப்படும்போது மட்டும் விழித்தெழும்படி எழுதப்பட்டிருந்தது. அயல் பொறிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தாலும் இது அகப்பட்டிருக்காது. பெரும்பாலான பொறிகளில் அது தூங்கியே இருந்திருக்கும். அகப்பட்டது எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் தரவுத்தளத்தின் வேகத்தை நுட்பமாக அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் என்ற தொலை உள்நுழைவு தேவைக்கு மேல் பிராசசரைத் தின்றது, அரை நொடி தாமதம். சில வாரங்களுக்கு முன் போஸ்ட்கிரெஸின் தானியங்கிச் சோதனையில் வந்த விளங்காத எச்சரிக்கை ஒன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் இணைத்துத் துருவினார். எக்ஸ்இசட்டைச் சோதிப்பது அவர் வேலையே இல்லை. என் வாதத்தை இந்த நிகழ்ச்சி திருத்துகிறது: வேறு சிப், வேறு இயங்குதளம் என்ற வேறுபாடு மட்டும் போதாது, வேறு நோக்கம் வேண்டும். வஞ்சகர் எதிர்பார்த்த கண்களிலிருந்து மறைத்தார்; எதிர்பாராத கண் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பெரு நிறுவனங்கள் நன்றாகவே செய்யுமே என்று கேட்கலாம். செய்கின்றன, லினக்ஸ் கெர்னலுக்கு இன்டெல் ஓட்டும் தானியங்கிச் சோதனை தினமும் பிழைகளைப் பிடிக்கிறது. போஸ்ட்கிரெஸின் முக்கிய நிரலாளர்களில் பலரும் சம்பளக்காரர்கள்தான். தூய தொண்டு என்ற கதையை நான் சொல்லவில்லை. ஆனால் டிராவிஸ் சிஐ என்ற சேவையை நினைவுகூர வேண்டும். ஆண்டுக்கணக்கில் திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாகச் சோதனை ஓட்டித் தந்தது அது. கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் அந்த இலவசத்தைச் சூறையாடினார்கள். 2020 நவம்பரில் நிறுவனம் விதிகளை இறுக்கியது, எத்தனையோ திட்டங்கள் இடம்பெயர்ந்தன. அது நிறுவனத்தின் கெட்ட எண்ணம் அல்ல, கணக்கு. ஒரே கையிலிருந்து வரும் ஆயிரம் பொறிகள் ஒரே சாட்சி; அந்தக் கை மூடினால் ஆயிரமும் ஒன்றாகப் போகும். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் மேகக்கணி நிறுவனங்கள் இந்த விலங்குகளின் உழைப்பில் குளிர்காய்கின்றன என்ற மனத்தாங்கல் நியாயமானது, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. மைய சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஊதியம் தரட்டும், பொறிகளையும் வாங்கித் தரட்டும். எந்தப் பொறி, யார் வீட்டில், எந்தக் கிறுக்கான அமைப்போடு ஓட வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் முடிவுசெய்யக் கூடாது. சாட்சிக்குப் படி கொடுக்கலாம், சாட்சியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பழைய வழக்கில் போஸ்ட்கிரெஸ் குழு எந்தப் பக்கம் என்பது அதன் ஒரு விதியில் தெரிகிறது. ஓர் இயங்குதளம் ஆதரிக்கப்படுகிறது என்று சொல்ல, அதற்கான நிரல் இருந்தால் மட்டும் போதாது. அங்கே தொகுக்கப்பட்டுச் சோதனையில் தேறியது அண்மையில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது போஸ்ட்கிரெஸ் ஆவணம். மீமாம்சகராக இருந்தால், பிழை என்று யாரும் காட்டாத வரை பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்பார். ஹெச்பி-யூஎக்ஸ் இயங்குதளத்துக்கான விலங்குகள் பில்டுஃபார்மிலிருந்து ஓய்வு பெற்றன. அங்கே போஸ்ட்கிரெஸ் ஓடாது என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஓடுகிறது என்று சொல்ல ஆள் இல்லை. 16ஆம் பதிப்பில் அதற்கான நிரலையே நீக்கிவிட்டார்கள்.