உடம்பு அழியப் போறதுதானே, ரத்தப் பரிசோதனை எதுக்கு?



"காரைக்கால் அம்மையார் பேய் உருவம் கேட்டு வாங்கித் திருவாலங்காட்டில் ஆடல் கண்டாங்க. நாம ஏன் சுகர் டெஸ்ட்னு அலையணும்?" தம்பி ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்குத் தோன்றுவது இது. அம்மையார் உடம்போடு ஆசையையும் விட்டாங்க. நாம ஜிலேபியை விடாம, உடம்பு மேல இருக்கிற அக்கறையை மட்டும் விடுறோம். இதைத் துறவுன்னு சொல்லலாமா?

டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் வாயைக் கட்டினா, வெறும் வயிற்றுச் சுகர் குறைவா வரலாம். ஹெச்பிஏ1சி அப்படி ஏமாறாது. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழும். அவற்றில் ஒட்டிய சர்க்கரை கடந்த 2, 3 மாதக் கணக்கைச் சொல்லிடும். 5.7-க்குக் கீழே இயல்பு. 6.4 வரை எச்சரிக்கை. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கு. மருத்துவர் உறுதி செய்யணும்.

எச்சரிக்கைக் கட்டத்தில் இருந்தா, அதை முருகன் தந்த அவகாசமா எடுத்துக்கோங்க. தினம் அரை மணி நடை, சோறு குறைவு, காய் அதிகம், நேரத்துக்குத் தூக்கம். திருத்தணியின் 365 படிகளும் வருஷத்தின் நாட்கள்னு சொல்வாங்க. கிருத்திகை அன்னிக்கு மட்டும் காட்டுற கட்டுப்பாடு மீதி நாளுக்கும் வேணும்.

மாத்திரை எடுக்கிறவங்க விரதத்துக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க.

முருகா சரணம்!