வீதியில் வந்த ஊர்வலம்

கொல்கத்தா நகரில், 1920இல் திறக்கப்பெற்ற தர்மராஜிக விகாரையை வணங்கித் திரும்புங்கால், பெருந்திரளானதோர் ஊர்வலம் எதிர்ப்பட்டது. கொடிகளும் வாத்தியங்களும் அலங்கரித்த தேரும் முன்னே சென்றன. அஃது எச்சமயத்தாருடையதென்று நாம் அறியோம். பழைய வழக்கத்தால் நம் கைகள் தாமே குவிந்தன. மறுகணம், “நாம் பௌத்தரன்றோ!” எனத் திடுக்கிட்டு இறக்கினோம்.

குவித்தது பிழையா, இறக்கியது பிழையா? இரண்டுமே பிழையென்பது நம் துணிபு. அறியாததை வணங்கியது அச்சத்தின் பழக்கம். அறியுமுன் வெறுத்தது செருக்கின் பழக்கம். மரபென்பதற்காக ஒன்றை ஏற்றலாகாது எனக் காலாமருக்குப் போதித்த பகவன், தாமே ஆராய்ந்து தெளியுமாறும் பணித்தாரன்றோ?

ஆகவே அருகிலிருந்தாரை வினவினோம். கார்த்திக பூர்ணிமையன்று சமணர் நடத்தும் பரேசநாதர் ஊர்வலமாம் அது. அப்பொழுது உபாலியின் வரலாறு நினைவிற்கு வந்தது. நிகண்ட நாதபுத்தரின் அடியாரான அவ்வில்லறத்தார் பௌத்தரானபோது, தம் இல்லத்தில் சமண முனிவர்க்கு நெடுநாள் அளித்துவந்த உணவை நிறுத்தாதிருக்கவே புத்தர் அறிவுறுத்தினார். சரணம் மாறிற்று, ஈகை மாறவில்லை.

அன்பர்களே! நம் சுற்றத்தார் திருவிழாவிலும் இக்கேள்வி நம்மை எதிர்கொள்ளும். நமக்குச் சரணம் மும்மணிகளே, அதில் ஐயமில்லை. ஆயினும் வழிவிட்டு நிற்பதற்கும், அன்புடன் வினவுவதற்கும், வந்தாரை உண்பிப்பதற்கும் தடையேது?