மாடு தின்றதை யார் அறிவார்?

ஆலங்குடாவில் ஒருவர், "இது முழுக்க மேய்ச்சலில் வளர்ந்த மாடு" என்று கூறி, கூடிய விலைக்கு இறைச்சி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது தொழுவத்தில் சோளத் தீவனம் தின்றதாயின்?

மாட்டின் உடல் தான் தின்றதை மறைப்பதில்லை. குளிர்நாட்டுப் புல்லும் சோளமும் காற்றிலுள்ள காபனை வெவ்வேறு முறையில் உட்கொள்கின்றன. ஆதலால் சோளம் தின்ற மாட்டின் தசையில் காபன் 13 சற்றுக் கூடுதலாயிருக்கும்; ஆய்வுகூடத்தில் அளந்து பொய்யைப் பிடித்துவிடலாம். வால் மயிரோ, வளர வளர, மாதக்கணக்கான கதையைச் சொல்லும்.

நம் வெப்பநாட்டுப் புற்களிற் பெரும்பாலானவை சோளத்தின் முறையையே கைக்கொள்பவை. இங்கே அந்தச் சோதனை தடுமாறும். கொழுப்பின் மஞ்சள் நிறம் பசும்புல்லைக் காட்டும் என்பார்கள்; அது மாட்டின் இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும்.

எஞ்சுவது விற்பவரின் வாய்ச்சொல் ஒன்றே. வேறு வழியின்றி நம்பியவனை ஏமாற்றுவது, சோதித்தறியக் கூடியவனை ஏமாற்றுவதிலும் கொடிதன்றோ? தீவனம் போடுவது குற்றமல்ல (வறட்சியில் புல் ஏது?). சொல்லி விற்கலாமே!

வாங்கும் நமக்கும் இதிற் பங்குண்டு. "வறட்சிக்கு என்ன போட்டீர்கள், அண்ணே?" என்று கேட்கிறோம். "சோளந்தான்" என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டால், பக்கத்துக் கடையின் "மேய்ச்சல் மாட்டை" நாடி ஓடாமல் அவரிடமே வாங்க நாம் ஆயத்தமா?