யாருக்கு முதலில்?

மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பலரின் மனத்தைப் புண்படுத்தும் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வந்தவர் காத்திருப்பார்; பின்னால் வந்தவர் உள்ளே அழைத்துச் செல்லப்படுவார். கால் எலும்பு முறிந்து வலியால் துடிக்கும் தாயின் அருகே நிற்கும் மகன், "நாங்கள்தானே முதலில் வந்தோம்?" என்று கேட்கிறான். இதில் நியாயம் எது?

ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வாங்க வந்த வரிசையே நியாயம். அங்கே காத்திருப்பவர் இழப்பது நேரத்தை மட்டுமே. மூச்சு நின்றுபோனவரின் நிலை வேறு. சில நிமிடங்கள் பிராணவாயு கிடைக்காவிட்டாலும் மூளை மீள முடியாத பாதிப்பை அடையும். எனவே வருபவர்களின் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைச் சோதித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்துகிறார்கள். சிவப்பு வகையினருக்கு உடனடி சிகிச்சை. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைக்கத் தாமதமானாலும், செயற்கைச் சுவாசம் முதலியவை அங்கேயே தொடங்கப்படுகின்றன.

நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, காயத்தின் கடுமையைக் கொண்டே சிகிச்சையின் வரிசையை முடிவு செய்தார். காயமுற்றவரின் பதவியை அவர் கணக்கில் கொள்ளவில்லை. போர்க்களத்தில் பிறந்த இந்த நெறியே இன்று மருத்துவமனைகளில் பின்பற்றப்படுகிறது.

நம் நாட்டிலும் இது சட்டத்தின் துணை பெற்றது. விபத்தில் சிக்கிய ஒருவரை, காவல்துறை வழக்கு தொடர்பான சிகிச்சைக்கு அனுமதி இல்லை என்று ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்தது. தொலைவிலிருந்த வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவர் இறந்தார். இதுபற்றிய பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், உயிரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களின் கடமை என்றும், நடைமுறை விதிகள் அதற்குத் தடையாகக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது.

ஆனால் உயிருக்குப் போராடுபவர் இருவர். சுவாசக் கருவி ஒன்றே என்றால்? சிகிச்சையால் பிழைக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று மருத்துவர் எண்ண வேண்டியுள்ளது. இம்முடிவு அவரது மனத்தில் நெடுநாள் கனக்கும். கருவி கிடைக்காதவரும் கைவிடப்பட்டவர் ஆகிவிடக் கூடாது. கையால் அழுத்தும் பையின் மூலம் சுவாசம் அளித்தல், வேறு மருத்துவமனையில் இடம் தேடுதல், வலியைத் தணித்தல், உறவினரிடம் உண்மையைக் கனிவோடு கூறுதல் ஆகியவை அவருக்கும் உரியவை.

எல்லோரையும் சமமாக மதிப்பது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தருவது ஆகாது. ஒரு வீட்டில் நோயுற்ற குழந்தையைத் தாய் முதலில் கவனிக்கிறாள்; மற்றக் குழந்தைகள் மீது அவளுக்கு அன்பு குறைந்துவிடவில்லை. தம் உறவினருக்காகத் துடிப்பது இயல்பு. ஆனால் பணத்தாலோ செல்வாக்காலோ முறையை மாற்ற முயலும்போது, திரைக்கு அப்பால் படுத்திருக்கும் முகமறியாத ஒருவரின் மூச்சை நாம் விலையாகக் கேட்கிறோம். அவருக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் பொறுமையும் ஓர் உயிரைக் காக்கும் சேவையே.