ஒலிக்கும் இடமும் பிறக்கும் இடமும்

குறை எவ்விடத்தில் தோன்றுகிறதோ அவ்விடத்திலேயே அது பிறந்ததெனக் கொள்வது மாந்தர் இயல்பு. கண்ணில் பட்டதைக் காரணமாக்குவதும், கைக்கு எட்டியவனைக் குற்றவாளியாக்குவதும் எளிய செயல்கள். அதனால்தானோ என்னவோ, உலகில் ஆராய்ச்சி அருகியும் தீர்ப்பு மலிந்தும் கிடக்கின்றன. ஒருவரைப் பழிப்பதற்கு முன் எவ்வளவு தொலைவு ஆராய்தல் வேண்டும்? அறநூல்கள் பலவாறு எழுப்பிய இவ்வினாவை, மோட்டார் வாகனத்தில் எழும் ஒரு மெல்லிய சிணுங்கலும் எழுப்பவல்லது.

சிறுபட்டணம் ஒன்றின் பட்டறையில் நிகழ்ந்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கருதுக. அலுவலர் ஒருவர் தம் காரைப் பழுது பார்க்க விட்டிருந்தார். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட அதன் ஒலியமைப்பில், முன்கதவின் ஸ்பீக்கர் கிழிந்து போயிருந்தது. தொழில் பழகும் இளைஞன் ஒருவன் புதியதை மாற்றிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து அலுவலர் சினத்துடன் திரும்பி வந்தார். பாட்டின் ஊடே கொசு ரீங்கரிப்பது போன்ற ஒரு சிணுங்கல் கேட்கிறது. எண்ணெயை மிதித்தால் அதன் சுருதி ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. “பையன் கை வைத்தான், கெட்டுப் போயிற்று” என்றார் அவர். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத பட்டறை உரிமையாளர், இளைஞனின் ஒரு நாள் கூலியைப் பிடித்துக் கொண்டார். இளைஞன் மறுமொழி கூறாது தலைகுனிந்து நின்றான்.

இங்கே ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. அதற்குரிய சான்றுகள் யாவை? சிணுங்கல் ஸ்பீக்கரிலிருந்து கேட்டது என்பது ஒன்று. ஸ்பீக்கரை இறுதியாகத் தொட்டவன் அவ்விளைஞன் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆயினும் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே ஒரு பொய்யைக் கட்டிவிடலாம் என்பதை மனம் எளிதில் உணர்வதில்லை.

அவ்வேளையில் அங்கு வந்த மூத்த மின்பணியாளர் கதவைக் கழற்ற முற்படவில்லை. முதலில் அவர் கேட்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டபோது சிணுங்கல் இல்லை. இயந்திரத்தை முடுக்கியதும் அது பிறந்தது. வேகத்தோடு சுருதியும் ஏறிற்று. சாவியைத் திருப்பியதுமே எழுந்து, ஒரே சுருதியில் நிற்குமாயின் பெட்ரோல் பம்பை ஐயுறலாம். இதுவோ இயந்திரத்தின் சுழற்சியோடு ஏறி இறங்கியதால், அச்சுழற்சியால் மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டருடன் தொடர்புடையதாயிற்று.

அடுத்து ஒலியளவைக் குறைத்தார், சிணுங்கலும் குறைந்தது. குறையாது நின்றிருப்பின், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இடத்திற்குப் பின்னர் அது புகுந்ததென்று பொருள். குறைந்தமையால் அதற்கு முன்னரே புகுந்திருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கைபேசியிலிருந்து கம்பிவழி வந்துகொண்டிருந்த பாட்டை நிறுத்தி, காரின் வானொலியைத் திருப்பினார். அதே ஸ்பீக்கர் தூய்மையாகப் பாடிற்று. அந்த ஒரு கணத்தில் ஸ்பீக்கரும் இளைஞனும் விடுதலை பெற்றனர்.

பின்னர் மீண்டும் கைபேசிப் பாட்டை ஒலிக்கச் செய்து, கைபேசிக்கு மின்னேற்றிக் கொண்டிருந்த சார்ஜரைப் பிடுங்கினார், சிணுங்கல் மறைந்தது. மறைந்ததோடு அவர் நிறைவடையவில்லை. மீண்டும் செருகினார், சிணுங்கல் மீண்டது. மறுபடி பிடுங்கினார், மறுபடி மறைந்தது. “இதை எப்போது வாங்கினீர்கள் ஐயா?” என்று வினவினார். காரைப் பட்டறையிலிருந்து எடுத்துச் சென்ற அன்று மாலைதான் வாங்கியதாக அலுவலர் மெல்லக் கூறினார்.

இதன் உட்பொருள் சிந்தனைக்குரியது. ஆல்டர்னேட்டர் ஆக்குவது மாறுதிசை மின்சாரம். டையோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றினும், சிற்றலைகள் சில எஞ்சி நிற்கும். பெரும்பகுதியை பேட்டரி தணித்துவிடும். எஞ்சியவற்றை விளக்கு காட்டாது, காது காட்டும். காரில் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை அதன் உலோக உடலே. ஒவ்வொரு கருவியும் அவ்வுடலைத் தொடும் இடத்தைத் தன் ‘சுழி’யாகக் கொள்கிறது. மின்பணியாளர் இதை ‘எர்த்’ என்பர். உலோகத்திற்கும் சிறிது மின்தடை உண்டாதலால், மின்னோட்டம் நிகழும்போது ஓரிடத்துச் சுழியும் மற்றோரிடத்துச் சுழியும் முற்றும் ஒன்றாவதில்லை. சார்ஜர் வழியே கைபேசி ஒரு சுழியைப் பற்றியது. வானொலிப் பெட்டி மற்றொன்றைப் பற்றியிருந்தது. இரண்டையும் இணைத்த பாட்டுக்கம்பியில் அவ்வேறுபாடே மின்னோட்டமாகப் பாய்ந்து, பாட்டோடு கலந்து, சிணுங்கலாக வெளிப்பட்டது.

அப்படியாயின் குற்றவாளி யார்? கைபேசி நன்று, வானொலிப் பெட்டி நன்று, கம்பியும் நன்று, சார்ஜரும் தன் பணியைச் செய்தது. தனித்தனியே நோக்கின் எதனிடத்தும் குறையில்லை. அவை ஒன்றோடொன்று கொண்ட உறவில்தான் குறை பிறந்தது. குறை உண்டு, குற்றவாளி இல்லை. மனித மனம் ஏற்கத் தயங்கும் உண்மை இது. யாரையேனும் சுட்டாத விளக்கம் அதற்கு விளக்கமாகவே தோன்றுவதில்லை.

வகுப்பறையில் ஓயாது சிணுங்கும் மாணவனை எண்ணிப் பார்க்கலாம். வீடு ஒன்றை ஒழுக்கம் என்கிறது. பள்ளி வேறொன்றை ஒழுக்கம் என்கிறது. தந்தை தம் சுழியே சரியான சுழி என்கிறார். ஆசிரியரும் அவ்வாறே கருதுகிறார். இருவரும் நல்லவர், இருவரும் அவன் நலம் நாடுபவர். அவ்விரு சுழிகளையும் இணைத்து நிற்கும் கம்பி அம்மாணவனே. வேறுபாடு பாய்வது அவனுள்ளே. ஒலி கேட்பது அவனிடத்தே. பிரம்படி விழுந்ததும் நெடுங்காலமாக அவன்மீதே.

அங்ஙனமாயின் எவர்க்கும் பொறுப்பே இல்லையோ எனின், அன்று. சில வேளைகளில் ஆல்டர்னேட்டரின் டையோடு ஒன்று மெய்யாகவே பழுதுறும்; சிற்றலை பெருகிச் சிணுங்கலாகும். அதை மாற்றியே ஆகவேண்டும். சில வேளைகளில் வேலையாள் கம்பியை நசுக்கியும் விடுவான். ஆராய்ச்சி பொறுப்பை அழிப்பதில்லை. அதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்கிறது.

அடக்குதல் வேறு, தீர்த்தல் வேறு என்பதும் இங்கே தெளிவாகிறது. ஒலியளவைக் கூட்டிச் சிணுங்கலை மூழ்கடிக்க முயல்வார் உளர். இத்தகைய குறையில் பாட்டோடு சிணுங்கலும் வளரும். கம்பியின் இடையே வடிகட்டி ஒன்றை இணைப்பாரும் உளர். காரணம் அறிந்து இணைப்பின் அது மருந்து. தளர்ந்து கிடக்கும் எர்த் இணைப்பை மறைக்க இணைப்பின், அது புண்ணை மூடிய பட்டுத்துணி. அதட்டலால் பெற்ற வகுப்பறை அமைதியும் பெரும்பாலும் இவ்வகையினதே.

பட்டறை உரிமையாளர் பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தார். கூலி திரும்பியது, அத்தனை பேர் முன்னிலையில் குனிந்த தலை அவ்வளவு விரைவில் நிமிரவில்லை. மூத்தவர் இளைஞனை அழைத்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தினார். “நீயே பிடுங்கிப் பார் தம்பி, நீயே செருகிப் பார்” என்றார். அவன் பிடுங்கினான், கேட்டான். செருகினான், கேட்டான். கூலியினும் பெரிய ஒன்று அப்போது அவனிடம் திருப்பித் தரப்பட்டது.

தீர்ப்பைத் தாமதிப்பவன் கோழையல்லன். ஒன்றை மட்டும் மாற்றி, பிறவற்றை அவ்வாறே வைத்து, காது கொடுத்துக் கேட்க அவனுக்குப் பொறுமை வேண்டும். தன் சுழியும் சரிதானா என்று வினவும் நேர்மை அதனினும் வேண்டும். அறிவியல் ஆசிரியர் இதனைச் சோதனை முறை என்று கற்பிப்பர். அறம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதுவே பாடமாதல் தகும்.