தாழ்த்துவதற்கு முன்

மாற்றத்தான் போகிறோம் என்று முடிவாகிவிட்டது. அப்படியிருக்க, அந்தப் பொருள் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எதற்கு அளந்து பார்க்க வேண்டும்? நாளைக்கு இல்லாமல் போகப்போகிற அளவுதானே அது?

இந்தக் கேள்வியை நான் ஒருவரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அப்போது லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மெக்சிகோ வம்சாவளி, வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவரிடம் 1970 மாடல் செவ்ரோலே சி-10 பிக்கப் ஒன்று இருந்தது. அவருடைய அப்பாவின் வண்டி. அப்பா தோட்ட வேலை செய்தவர். புல் வெட்டும் மெஷின், மண்வெட்டி, உர மூட்டை எல்லாவற்றையும் பின்னால் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் அதில்தான் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அவர் இறந்த பிறகு வண்டி சின்ன மகன் கைக்கு வந்தது. சின்ன மகன் அதைத் தாழ்த்த ஆசைப்பட்டார்.

தாழ்த்துவது என்றால் சஸ்பென்ஷனை மாற்றி, வண்டி தரைக்கு நெருக்கமாக நிற்கும்படி செய்வது. பழைய பிக்கப் வைத்திருக்கும் அமெரிக்கர்களிடம் இது ஒரு தீராத மோகம். முன்னால் நாலு அங்குலம், பின்னால் ஆறு அங்குலம் இறக்குவது அவர்களிடையே அடிக்கடி காதில் விழும் கணக்கு. பின்னால் மட்டும் ஏன் அதிகம்? பிக்கப் காலியாக நிற்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும். சுமை ஏற்றினால் சமமாக வேண்டும் என்று ஃபேக்டரியிலேயே அப்படி அமைத்திருப்பார்கள். ஆக, அந்தத் தூக்கலை எடுத்துவிடுவது என்றால் “இனி இது சுமை தூக்கும் வண்டி இல்லை” என்று அறிவிப்பது மாதிரி.

அண்ணனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “அப்பா உழைச்ச வண்டி. அதுல கை வைக்க நீ யாரு?” என்று சண்டை. தம்பியின் பதில்: “அப்பா எனக்குக் குடுத்தது வண்டி, சிலை இல்ல.” இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் தம்பி ஒரு சனிக்கிழமை காலையில் டேப்பும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். “எப்படியும் இறக்கப் போறீங்க, அப்புறம் எதுக்கு இதை அளக்கறீங்க?” என்று கேட்டேன். “எங்கேயிருந்து இறக்கறேன்னு தெரியாம எவ்வளவு இறக்கினேன்னு எப்படிச் சொல்றது?” என்றார். அவ்வளவுதான் பதில். மீதியை அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் நினைத்திருந்த மாதிரி அது இரண்டு நிமிட வேலை இல்லை. முதலில் தரை சமமாக இருக்க வேண்டும். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பின்னால் கிடக்கும் சாமான்களை இறக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கால சி-10-ல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். ஜாக்கி போட்டு இறக்கிய வண்டியை உடனே அளக்கக் கூடாது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு, வண்டியைக் கொஞ்சம் தூக்கியே நிறுத்தி வைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு மூலையையும் அழுத்திக் குலுக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, அதுவாகத் தன் உயரத்துக்கு வந்து உட்காரவிட வேண்டும்.

பிறகு, எங்கிருந்து எதுவரை அளப்பது? தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால், நாளைக்கு வேறு சைஸ் டயர் மாட்டியதும் அந்தக் கணக்கு செல்லாது. சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் டயர் கணக்கில் வராது. ஆனால் மட்கார்டையே யாராவது கழற்றி மாட்டியிருக்கலாம். அதனால் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் தனியாக அளந்துகொள்வார்கள். நாலு மூலைக்கும் இதையே செய்ய வேண்டும். தம்பி இரண்டு முறை செய்தார்.

அளந்து முடித்தபோது ஒன்று தெரிந்தது. முன்பக்கத்தில், டிரைவர் உட்காரும் இடது மூலை வலது மூலையைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது.

பழைய வண்டிகளில் இது அதிசயம் இல்லை. ஸ்பிரிங் இரும்பு பல வருஷம் பாரத்தைத் தாங்கித் தாங்கித் தன் உயரத்தை மெல்ல மெல்ல இழக்கும். பெரும்பாலும் ஒரே ஆள் ஓட்டிய வண்டி என்றால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தளர்ந்துபோவதும் உண்டு. சரி, அப்படியானால் இந்த வண்டியின் அசல் உயரம் எது?

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. நாம் எப்போதும் இரண்டு உயரங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒன்று, ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு இருந்தது. மற்றது, நாம் ஆசைப்படுவது. அண்ணன் முதலாவதைக் காப்பாற்ற நினைத்தார். ஆனால் அது ஏற்கனவே இல்லை. அப்பாவே ஓட்டி ஓட்டி அதைக் கரைத்துவிட்டார். தம்பி மற்றதைக் கனவு கண்டார். அது இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் உயரம் அங்கே நின்றுகொண்டிருந்தது. டேப் வைத்து அளக்க முடிகிற ஒரே உயரம் அதுதான். சண்டையில் அதற்காக யாரும் வாயைத் திறக்கவில்லை.

நம் சண்டைகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது. “நீ முன்ன மாதிரி இல்ல” என்று காதலர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். முன்ன மாதிரி என்றால் எந்த மாதிரி? இருவரும் குறித்து வைக்கவில்லை. பழக ஆரம்பித்த முதல் மாதத்தை ஒருவர் அசல் என்கிறார். அடுத்தவர் இனி வரவேண்டிய வாழ்க்கையை அளவுகோலாக வைத்திருக்கிறார். இன்றைக்கு நாம் எப்படி நிற்கிறோம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம், யாருடைய பாரத்தால் சாய்ந்தோம் என்று குனிந்து பார்க்க ஆளில்லை. குனிவது கஷ்டம். முழங்கால் வலிக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அளவு என்பது அவ்வளவு அப்பாவியான விஷயமா? அதே கலிஃபோர்னியாவில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருஷங்களில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் காரின் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் ஸ்பிரிங்கை வெட்டியும் வண்டியைத் தாழ்த்தி, மெதுவாக ஊர்வலம் போனார்கள். 1958 முதல் அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: வண்டியின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கும்படி மாற்றக் கூடாது. மறுவருஷமே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக்ஸைப் பொருத்தினார். ஸ்விட்சைத் தட்டினால் வண்டி எழும்பும், தட்டினால் இறங்கும். போலீஸ் வந்தால் சட்டப்படியான உயரம், போனால் சொந்த உயரம்! அந்தத் தடையை நீக்கும் சட்டம் 2023-ல்தான் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

ஆகவே அளவுகோலைக் கொண்டு மனிதர்களைத் துரத்தவும் முடியும். ஆனால் அந்த அளவையும் பக்கத்து வீட்டுக்காரரின் அளவையும் ஒன்றாகப் போட எனக்கு மனம் வரவில்லை. சட்டம் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு அடுத்தவன் வண்டியைக் குனிந்து பார்த்தது. இவர் தன் கையால் எதை அழிக்கப்போகிறாரோ அதைக் குனிந்து பார்த்தார். முந்தையது அதிகாரம் வைக்கும் கணக்கு. பிந்தையதைப் பொறுப்பு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மாற்றுவதற்கு எனக்கு உரிமை உண்டு. ஆனால் எதை மாற்றினேன் என்று கேட்டால் பதில் சொல்லும் கடமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. அளக்காமல் மாற்றுகிறவன் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். “முன்ன ரொம்ப மோசமா இருந்துச்சு” என்றும் சொல்லலாம், “பெருசா ஒண்ணும் மாத்தலையே” என்றும் சொல்லலாம். மறுத்துப் பேச அங்கே எந்தச் சாட்சியும் இருக்காது.

அளந்ததால் அவருடைய முடிவும் மாறியது. பின்னால் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இருந்த இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு அங்குலம் இறக்கினால் பள்ளத்தில் விழும்போது ஆக்சில் மேலே எழும்ப இடம் போதாது. சேஸிஸை அரைவட்டமாக வெட்டி வழி விட வேண்டும். நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள், பலமாக பிளேட் வைத்து முறையாகவும் செய்கிறார்கள். ஆனால் ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுகிற மாதிரி வெட்டிய சேஸிஸைப் பழையபடி ஆக்க முடியாது. அவர் பின்னால் நாலு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார். முன்னால் இரண்டரை. கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளில் எது எந்த மூலை என்று சீட்டு கட்டி ஷெட்டின் மேல்தட்டில் ஏற்றிவைத்தார். எட்டு அளவுகளையும் தேதியோடு க்ளவ் பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் எழுதினார்.

புது ஸ்பிரிங் மாட்டிய பிறகு வண்டி அழகாக, தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக நின்றது. அந்த முக்கால் அங்குலம் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார், பிடிக்கவில்லை என்று முகமே சொன்னது. தம்பி எதுவும் பேசாமல் க்ளவ் பாக்ஸைத் திறந்து காட்டினார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். இடது முன் மூலைக்கு வந்ததும் விரலை வைத்து, இது மட்டும் ஏன் குறைவு என்று கேட்டார். தம்பி காரணத்தைச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், “நாம ஒருநாளாவது அவர்கூடப் பக்கத்துல உட்கார்ந்து போயிருக்கலாம்” என்றார்.

அந்தச் சாய்வுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். கடையில் கேட்டால் மெக்கானிக் நாலைந்து சொல்வார். ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்காவது எண் என்று ஒன்று அங்கே இருந்தது. அண்ணனுக்கு இன்றைக்கும் அந்த வண்டி பிடிக்காது என்றுதான் கேள்விப்படுகிறேன். இருந்தாலும் “நீ அப்பா வண்டியை அழிச்சுட்ட” என்று அவர் அதற்குப் பிறகு சொல்லவில்லையாம்.